பெயர் போடாத கட்டுரை: எழுதியவர் யாழ்ப்பாணத்தவர்தானா?

கேள்வி

பெயர் போடாத ஓர் அரசியல் கட்டுரை, ஏறக்குறைய 2,000 சொற்கள். ‘கதைத்தார்’, ‘வடிவான’, ‘பகிடி’ எல்லாம் வருகின்றன. எழுதியவர் யாழ்ப்பாணத்தவர் என்று சொல்லிவிடலாமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

அந்த மூன்று சொற்களை மட்டும் நம்பாதீர்கள். யாழ்ப்பாணத் தமிழ் போல எழுத நினைப்பவர் எவரும் முதலில் எடுத்துப் போடுவது அவற்றைத்தான். எழுதுகிறவர் யோசிக்காமல் தாண்டிப் போகும் இடங்களைத் தேடுங்கள். மாதப் பெயரும் ஆங்கிலச் சொல்லும் அப்படிப்பட்டவை. இலங்கையில் ஒக்டோபர், பெப்ரவரி, டொக்டர். தமிழ்நாட்டில் அக்டோபர், பிப்ரவரி, டாக்டர். ‘ரொறன்ரோ’, ‘ரீவி’ என்று ஆங்கில டகர ஒலிக்கு ரகரம் வந்தால் சான்று இன்னும் வலுவானது. பிறகு, இரு கரையிலும் உள்ள சொல் எந்தப் பொருளில் வருகிறது என்று பாருங்கள்: ‘பாவித்தார்’ என்றால் பயன்படுத்தினாரா? ‘ஆறுதலாக’ என்றால் அவசரப்படாமலா? ‘பகிடி’க்குப் பக்கத்திலேயே ‘அக்டோபர்’ இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எழுத்துக்கூட்டல் காட்டுவது படித்த பள்ளியை, பிறந்த ஊரை அல்ல. மலையகத்தவர் (இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதித் தமிழர்) பேச்சில் பெரும்பாலும் ‘கதைக்கிறன்’ அல்ல, ‘பேசுறேன்’தான், ஆனால் இலங்கைப் பாடநூலில் படித்தவர் என்பதால் ‘தேதி’யைத் ‘திகதி’ என்றே எழுதுவார். ஆகவே ‘ஒக்டோபர்’ உங்களை இலங்கை வரைக்கும்தான் கொண்டுபோகும். இதழில் வந்த கட்டுரை என்றால், அதே இதழின் மற்றக் கட்டுரைகளையும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்தால் அது மெய்ப்புத் திருத்தியவரின் கையாக இருக்கலாம்.

மறுமொழி 3

ஊர் போதாது, ஆளே தெரிய வேண்டும் என்றால் சிறு சொற்களை எண்ணுங்கள். அமெரிக்காவில் அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 12ஐ எழுதியவர் ஹாமில்டனா, மேடிசனா என்ற சர்ச்சை நெடுங்காலம் இருந்தது. புள்ளியியலாளர்கள் மாஸ்டெல்லரும் வாலஸும் 1964இல் ‘அப்பான்’ (upon) போன்ற சொற்களை எண்ணி மேடிசன் பக்கம் தீர்த்தார்கள். ஹாமில்டன் ‘அப்பான்’ என்பதை அடிக்கடி எழுதுவார், மேடிசன் அரிதாகத்தான்.

தமிழில் என்று/என, ஆனால்/எனினும், போல/போன்று ஆகிய இணைகளை 1,000 சொல்லுக்கு எத்தனை என்று எடுங்கள். ‘என்றுதான்’, ‘என்றும்’ ஆகியவற்றைப் பிரிக்காமல் எண்ணினால் கணக்கு தப்பும். கணினி அவற்றை வேறு சொற்களாகவே எடுத்துக்கொள்ளும். 2,000 சொற்களில் இரண்டு மூன்று முறை மட்டும் வருவதை விட்டுவிடுங்கள், அது தற்செயலாக இருக்கலாம். ஒப்பிட எடுப்பதும் அரசியல் கட்டுரையாகவே இருக்கட்டும். அதே ஆள் எழுதிய கடிதத்தில்கூட ‘எனினும்’ காணாமல் போய்விடும்.