இண்டோர் காயிலில் ஐஸ், சுவரில் தண்ணீர்: மறுபடியும் கேஸ் ஏற்றச் சொல்கிறார்கள், ஏற்றலாமா?

மேல்மாடிக்காரன்:
வணக்கம். படுக்கையறையில் 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி. போட்டதும் நன்றாகத்தான் குளிர்கிறது. நேரம் ஆக ஆகக் காற்று குறைந்துகொண்டே வரும். நடுராத்திரியில் சத்தம் மட்டும் இருக்கும், கையை நீட்டினால் காற்று படாது. அப்புறம் இண்டோரின் இடது ஓரத்திலிருந்து சுவரோடு தண்ணீர் வழியும். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் காயில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் பைப் சுருள், முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ். வந்த மெக்கானிக் எதையும் கழற்றிப் பார்க்காமலே "கேஸ் கம்மி சார், ஏத்திடலாம்" என்கிறார். போன சீசனிலும் இதே கதைதான், அப்போதும் ஏற்றினோம். ஃபில்டரை நானே அடிக்கடி கழுவி மாட்டுகிறேன். என்ன செய்யலாம்?

ஈரக்காற்று:
ஐஸ் பிடித்தாலே கேஸ் கம்மிதான் சார். எங்கள் வீட்டில் ஏற்றியதும் சரியாகிவிட்டது. யோசிக்காமல் ஏற்றிவிடுங்கள்.

திருப்புளி:
கொஞ்சம் பொறுங்கள். கேஸ் கம்மியானாலும் ஐஸ் பிடிக்கும், காயிலுக்குள் காற்று சரியாகப் போகாவிட்டாலும் ஐஸ் பிடிக்கும். முற்றிய பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் ஐஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒழுங்காக ஓடும் ஏசியில் காயிலின் வெப்பநிலை 0 டிகிரிக்கு மேலேயே நிற்கும். அறைக் காற்று காயில் மேல் வந்துகொண்டே இருப்பதால் அதற்குச் சூடு கிடைத்துக்கொண்டே இருக்கும். காற்று குறைந்தால் சூடும் குறையும், காயில் 0 டிகிரிக்குக் கீழே இறங்கும், அதில் படிந்த ஈரம் உறையும். ஐஸ் பிடித்தால் காற்று இன்னும் அடைபடும். பிறகு அது தன்னாலேயே வளரும். கேஸ் கம்மியாக இருந்தால் காயிலுக்குள் அழுத்தம் இறங்கிவிடும், கேஸ் நுழைகிற பக்கம் மட்டும் முதலில் உறையும், மீதிக் காயில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

முதலில் கூலிங்கை நிறுத்திவிட்டு ஃபேன் மோடில் போட்டு ஐஸ் முழுவதும் கரையட்டும். கீழே ஒரு வாளி வையுங்கள். கத்தி, ஸ்பூன் எதையும் வைத்துச் சுரண்ட வேண்டாம். காயிலில் ஓட்டை விழுந்தால் அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போகும். கரைந்த பிறகு 24-இல் கூலிங் போட்டு 15, 20 நிமிடம் கழித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் வெள்ளை படிந்து, வெளியே அவுட்டோரில் மெல்லிய காப்பர் பைப்பின் வால்வும் உறைந்திருந்தால் கேஸ் மேல் சந்தேகப்படலாம். காயில் முழுக்க ஒரே மாதிரி குளிர்ந்து ஈரமாக இருந்தால் காற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபில்டர் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் வாயில் டார்ச் அடித்து உள்ளே இருக்கும் உருளை ப்ளோயரைப் பாருங்கள். அதன் ஒவ்வொரு இதழும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

மேல்மாடிக்காரன்:
பார்த்துவிட்டேன். காயில் முழுக்க ஒரே மாதிரி ஈரம், மூலையில் ஐஸ் இல்லை. அவுட்டோர் வால்விலும் உறைபனி இல்லை. ஆனால் ப்ளோயர்! இதழ்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி அடைத்துக்கிடக்கிறது. குச்சியால் தொட்டால் பட்டையாக உரிந்து வருகிறது. ஃபில்டர் இருக்கும்போது இது எப்படி உள்ளே போனது?

திருப்புளி:
ஃபில்டர் பெரிய தூசியைத்தான் பிடிக்கும், பொடித்தூசி தாண்டிப் போய்விடும். ப்ளோயர் எப்போதும் ஈரமான காற்றில் சுழல்வதால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்த இதழ்களின் வளைவுதான் காற்றைத் தள்ளுகிறது. வளைவு நிரம்பிவிட்டால் ப்ளோயர் சும்மா சுற்றும், சத்தம் வரும், காற்று வராது. நீங்கள் சொன்னது அச்சு அசலாக அதுதான்.

ப்ளோயரைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். மாட்டிய இடத்திலேயே மேலோட்டமாகத் தண்ணீர் அடித்தால் அழுக்கு, காயிலுக்குக் கீழே தண்ணீர் சேரும் ட்ரேயில் இறங்கி ட்ரெய்ன் பைப்பை அடைக்கும். பைப்பின் நுனி வெளியே எங்கே விடப்பட்டிருக்கிறது?

மேல்மாடிக்காரன்:
பால்கனியில் ஒரு வாளிக்குள். வாளி பாதிக்கு மேல் நிரம்பி, நுனி தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது.

திருப்புளி:
நுனி முங்கினால் பைப்பில் காற்று சிக்கித் தண்ணீர் இறங்காது. உறைந்த ஐஸ் கரையும்போது ஏற்கெனவே ட்ரே தாங்காது, இதுவும் சேர்ந்துகொண்டால் சுவர்தான் வழி. நுனியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள். பைப் வழியில் எங்கேயும் மேடேறக் கூடாது.

கேள்விக்குறி:
குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது சூடும் குளிரும் இரண்டும் வரும் ஏசி. ஹீட்டிங்கில் ஓடும்போது திடீரென்று உள்ளே காற்று நின்றுவிடுகிறது, வெளியே அவுட்டோரிலிருந்து புகை மாதிரி வருகிறது. உடனே எம்சிபியை இறக்கிவிட்டேன். பயமாக இருக்கிறது.

திருப்புளி:
கருகல் வாசனை இல்லையென்றால் அது புகை அல்ல, நீராவி. ஹீட்டிங் மோடில் வெளிக்காயில்தான் குளிர்ந்த காயில், அதனால் ஐஸ் அங்கே பிடிக்கும். அதைக் கரைக்க மெஷின் தானாகவே கொஞ்ச நேரம் கூலிங்குக்குத் திரும்பும். திரும்பும்போது "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே குளிர்ந்த காற்று அடிக்காமல் இருக்கத்தான் ஃபேன் நிற்கிறது. பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நடுவில் கரண்டை நிறுத்தாதீர்கள். அது முடிந்த பிறகும் வெளிக்காயிலில் கட்டிக்கட்டியாக ஐஸ் நின்றாலோ, அவுட்டோர் ஃபேன் ஐஸில் உரசினாலோ ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்விக்குறி:
சரிங்க, ரொம்ப நன்றி. "புஸ்" சத்தம் கேட்டுத்தான் இன்னும் பயந்தேன்.

மேல்மாடிக்காரன்:
வேறு மெக்கானிக் வந்து ப்ளோயரைக் கழற்றிக் கழுவினார். ராத்திரி முழுக்க ஓடியது, ஐஸ் இல்லை, சொட்டும் இல்லை. உள்ளே இழுக்கும் காற்று 27 டிகிரி, வெளியே தள்ளுவது 16. இது சரிதானே? ஒரே ஒரு சந்தேகம்: கேஸ் கம்மியே இல்லையென்றால் போன சீசனில் ஏற்றியதும் எப்படிச் சரியானது?

திருப்புளி:
11 டிகிரி வித்தியாசம் நல்ல அளவு. போன சீசனில் கேஸ் ஏற்றியபோது சர்வீஸும் செய்திருப்பார்களே, காயிலைக் கழுவியதில் காற்று கொஞ்சம் கூடியிருக்கும். பெயர் மட்டும் கேஸுக்குப் போயிருக்கும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. மூடிய பைப்புக்குள் சுற்றிச்சுற்றி வருவதுதான். குறைந்தால் எங்கேயோ லீக் இருக்கிறது. பெரும்பாலும் நட்டு போட்ட இணைப்பில் எண்ணெய்க் கறை தெரியும், சோப்பு நுரை தடவினால் குமிழ் வரும்.

ஈரக்காற்று:
அப்படியென்றால் நான் ஏற்றியது?

திருப்புளி:
லீக்கை அடைத்துவிட்டு ஏற்றினார்களா, சும்மா ஏற்றினார்களா என்று கேளுங்கள். அடைக்கவில்லையென்றால் திரும்பக் குறையும்.

மேல்மாடிக்காரருக்கு: தேவையில்லாமல் ஏற்றிய கேஸ் உள்ளே கூடுதலாக இருக்கலாம். வெயில் உச்சத்தில் அவுட்டோர் நின்று நின்று ஓடினால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அவுட்டோர் பக்கவாட்டு லேபிளில் கேஸின் வகையும் எடையும் போட்டிருக்கும். இருப்பதை முழுதாக வெளியே எடுத்து, வேக்யூம் போட்டு (பைப்புக்குள் இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி), தராசில் வைத்து அந்த எடைக்கே நிரப்புவதுதான் முறை. ஆர்32 என்று போட்டிருந்தால் அது தீப்பற்றக்கூடிய வகை, அறைக்குள் திறந்துவிட விடாதீர்கள். ஒரு தொந்தரவும் இல்லையென்றால் இப்போதைக்குத் தொட வேண்டாம்.