பட்டறை சொந்தங்கள், வியாசர்பாடி

பிரபு: 📷
பிரபு: சித்தப்பா, மோல்டு கோர், அச்சோட உள் பாகம், அது மேல கோடு கோடா கீது. நாளைக்கு பார்ட்டி வராரு

பெரியத்தை: ஞாயித்துக்கெழம வளைகாப்பு. ராயபுரம் மண்டபம். 9 மணிக்கெல்லாம் வந்துடணும்

சேகர் சித்தப்பா: இன்னா கட்டர்? ஸ்டெப் ஓவர், அதான் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் எடைவெளி, எவ்ளோ?

பிரபு: 10 எம்எம் பால் நோஸ், உருண்ட மூக்கு. 0.3

மணி மாமா: கம்மிதானே

சேகர் சித்தப்பா: தட்டையா இருந்தா கம்மி மாமா. ஸ்டெப் ஓவர ஸ்கொயர் பண்ணி ரேடியஸோட 8 மடங்கால வகுத்தா 0.09 பை 40. ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல நிக்கிற முகடு 2 மைக்ரான் சொச்சம். ஆனா கோடு சைடு செவுத்துலதான கீது? 0.3ங்கிறது மேலேர்ந்து பாக்கற கணக்கு. 60 டிகிரி சரிவுல அது 0.6 ஆயிடும், முகடு 4 மடங்கு. மொத்தத்தையும் ஒரே ராஸ்டர்ல, நேர்கோடா போய் வந்து, ஓட்டிட்ட

பிரபு: ஆமா

மணி மாமா: எமரி போட்டு தேச்சிடு

சேகர் சித்தப்பா: அச்சு ரெண்டு பாதியும் சேர்ற பார்ட்டிங் லைன் ஓரம் மழுங்கிடும். அப்புறம் பிளாஷ் அடிக்கும், பொருள் ஓரத்துல பிசிறு நிக்கும்

மணி மாமா: எங்க அக்கா செயின அடகு வெச்சி வாங்கின மிஷின்பா. ஒழுங்கா ஓட்டுங்க

பெரியத்தை: அந்த செயின் இன்னும் வூட்டுக்கு வரல

லதா சித்தி: 🤐

சேகர் சித்தப்பா: பிரபு, 45 டிகிரிக்கு மேல நிக்கிற செவுத்த தனியா பிரிச்சி வாட்டர்லைன் போடு, அதான் ஒரே ஒசரத்துல சுத்தி வர்றது, ஒரு சுத்துக்கு எறக்கம் (இசட்) 0.2. மீதிக்கு ராஸ்டர். ரெண்டும் சேர்ற எடத்துல 0.5 ஓவர்லாப் குடு, இல்லன்னா படி நிக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே எடத்துல எறக்காத, தழும்பு வுழும். ஹெலிக்கலா, சுருள் மாதிரி எறக்கு. அதுக்கு முன்ன 6 எம்எம் பால் நோஸ்ல மூலைக்கு மட்டும் பென்சில் ஓட்டம் ஓட்டு. மூலைல மெட்டல் கூட நின்னா கட்டர் வளைஞ்சி கீறிடும்

பிரபு: மேல் மட்டத்துல சொரசொரன்னு கீதே

சேகர் சித்தப்பா: பால் மூக்கு நடுவுல வேகம் சைபர். அறுக்காது, தேய்க்கும். 4000 ஆர்பிஎம்ல வெட்டற வேகம் நிமிஷத்துக்கு 125 மீட்டர்னு நெனச்சிக்கினு கீற. 0.2 ஆழத்துல தொடற விட்டமே 2.8தான், அப்ப 35 மீட்டர். மட்டத்துக்கு தட்டை மூக்கு எண்ட் மில் மாட்டு

பெரியத்தை: பொடவ எம்.சி. ரோட்லயா எடுக்கறது? யாராவது சொல்லுங்க

சேகர் சித்தப்பா: புரோகிராம்ல டாலரன்ஸ், அதான் வளைவுலேர்ந்து வெலக வுடற அளவு, எவ்ளோ வெச்ச?

பிரபு: 0.05

சேகர் சித்தப்பா: 😡 அதான் பட்டை பட்டையா தெரியுது. 0.005 வை. ஜாப் வைஸ்லயே கீதில்ல?

பிரபு: கழட்டிட்டேன்

மணி மாமா: போச்சு

சேகர் சித்தப்பா: முகடு 9 மைக்ரான்தான்டா. டயல் வெச்சி திரும்பப் புடிச்சாலும் அவ்ளோ கரெக்டா ஒக்காராது. அதனால கோர மொத்தமா 0.05 எறக்கணும். பொருளோட செவுரு அவ்ளோ கனமாகும், பார்ட்டிய கேட்டுக்கோ

பிரபு: யாரு கேக்கறது?

மணி மாமா: நான் கேக்க மாட்டேன்

லதா சித்தி: நாளைக்கு 9லேர்ந்து 2 வரைக்கும் கரண்ட் இல்லியாமே

பெரியத்தை: பொடவ??