200 கெஜத்துக்கு எந்த .22 ரைபிள், எந்த ஸ்கோப்?
வணக்கம். டெக்சாஸில் எங்கள் ஊர்ச் சுடுதளத்தில் 200 கெஜம் வரை எஃகுத் தகடுகளைக் குறிவைக்கலாம். அதற்காகவே ஒரு .22 எல்ஆர் (சிறிய ரகத் தோட்டா) போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை, வாங்கப் போகிறேன், வேட்டைக்கு அல்ல. செக் நாட்டு சீஇசட் 457, பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ் இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடுகிறது. டிக்காவின் போல்ட் வெண்ணெய்யாக வழுக்குகிறது. சீஇசட்டிலோ குழலை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய குழப்பம் ஸ்கோப்பில்தான் (குறிபார்க்கும் தொலைநோக்கி). ஸ்கோப்பின் குறியை 50 கெஜத்துக்குச் சரிசெய்தால், ஒலியை மிஞ்சாத சாதாரண வேகத் தோட்டா 200 கெஜத்தில் நான்கடிக்கு மேல் தாழ்ந்துவிடும். ஸ்கோப்பைச் சற்றுச் சாய்த்துப் பொருத்த உதவும் 20 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வு ரெயில் அவசியமா? இடமாறு பிழையை (கண் நகர்ந்தால் குறிக்கோடு இலக்கின் மேல் இடம் மாறித் தெரிவது) 25 கெஜம் வரை சரிசெய்ய முடிகிற ஸ்கோப், 500 டாலருக்குள் எது? கடைக்காரர் 24 மடங்கு உருப்பெருக்கத்தைத் தலையில் கட்டப் பார்க்கிறார். கோடைக் கானலில் அதனால் என்ன பயன்? சுட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.