குரங்கு மலேரியா பற்றி லிட்ரேச்சர் ரிவியூ: பழைய கட்டுரைகளை எவ்வளவு நம்பலாம்?

ஈசூன்_வாசி:
பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு உயிரியல். பிளாஸ்மோடியம் நோலேசி ஒட்டுண்ணிக்கும் அதன் ஓம்புயிர்களுக்கும் (நீளவால் குரங்கு, மனிதர்) உள்ள உறவு பற்றி ரிவியூ எழுதுகிறேன். ஒரு கட்டுரைக்கு ஒரு பத்தி என்று போய்க்கொண்டிருந்தேன், சூப்பர்வைசர் "இது பட்டியல்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதுபோக, சரவாக்கில் (போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலம்) பிளாஸ்மோடியம் மலேரியே என்ற இன்னொரு மலேரியா ஒட்டுண்ணி வகை நிறைய என்று பழைய கட்டுரைகள் சொல்கின்றன, புதியவை நோலேசி என்கின்றன. யாரை நம்புவது?

லேப்_அண்ணன்:
அந்த முரண்பாடுதான் தம்பி உங்கள் ரிவியூவே. வளர்ந்த நோலேசி மைக்ராஸ்கோப்பில் மலேரியே மாதிரியே பட்டை பட்டையாகத் தெரியும், பார்த்துப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம். சரவாக்கின் காப்பிட் ஊரில் "மலேரியே" நோயாளிகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததால் சந்தேகப்பட்டு பிசிஆர் (ஒட்டுண்ணியின் டிஎன்ஏவை வைத்து வகையைக் கண்டறியும் சோதனை) செய்தார்கள். 2004இல் பல்பீர் சிங் குழு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டதைப் பாருங்கள்: 208 மலேரியா நோயாளிகளில் 120 பேருக்கு நோலேசி. மலேரியே பெருக 72 மணி நேரம், நோலேசிக்கு 24 மணி நேரம்தான், அதனால்தான் எண்ணிக்கை எகிறுகிறது. ஆகவே எக்செல்லில் ஆண்டுக்குப் பக்கத்தில் "எப்படிக் கண்டறிந்தார்கள்" என்று ஒரு நெடுவரிசை வையுங்கள், அதை வைத்துக் கட்டுரைகளைப் பிரித்துப் பாருங்கள், ஆசிரியர் பெயரை வைத்து அல்ல.

கொசுவலை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அது நோயறிதல் கதை. தலைப்பு ஓம்புயிர் என்றால் சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி எப்படி நுழைகிறது என்பதுதான் நடுவில் இருக்க வேண்டும். மனித அணுவுக்குள் போக அதற்கு அணுவின் மேற்பரப்பில் இருக்கும் டஃபி என்ற புரதம் வேண்டும். குரங்கு அணுவில் வேறு வாசலும் உண்டு, அங்கே பற்றிக்கொள்ளும் ஒருவகை சியாலிக் அமிலத்தை (அணுவின் மேல் இருக்கும் ஒரு சர்க்கரை) மனித உடல் தயாரிப்பதே இல்லை. இதை ஒரே வரியில் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஈசூன்_வாசி:
நன்றி இருவருக்கும். (தம்பி இல்லை, தங்கை!) சிங்கப்பூரைச் சேர்க்கலாமா? 1982லேயே மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டார்களே.

லேப்_அண்ணன்:
மன்னிக்கவும் தங்கச்சி. தாராளமாகச் சேர்க்கலாம். அந்த அறிவிப்புக்குப் பிறகும், 2007இல், இங்கேயே காட்டில் பயிற்சி செய்த ராணுவ வீரருக்கு நோலேசி வந்தது. காட்டுக் குரங்குகளிலும் பிசிஆரில் கிடைத்தது. அதைத் தனி அத்தியாயமாக இழுக்காதீர்கள், ஓம்புயிர் பகுதியிலேயே நான்கைந்து வரி போதும்.