பாய்லர் சாம்பலை யாராவது எடுக்கிறீர்களா? (புதுவயல்)

புதுவயல் ஆலை
எங்களுடையது சின்ன புழுங்கல் அரிசி ஆலை. எங்கள் நெல்லில் வரும் உமியையே பாய்லரில் போட்டு நெல் அவிக்கிறோம். தவிட்டை எண்ணெய் ஆலைக்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள், அதில் பிரச்சினை இல்லை. சாம்பல்தான் தலைவலி. 100 கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய 20 கிலோ உமி, அது முழுதும் எரிந்தால் 4 கிலோ சாம்பல், ஆக 10 டன் அரைக்கிற நாளில் 400 கிலோ சேர்ந்துவிடுகிறது. போன வருடம் ஒரு லாரிக்காரர் சும்மாவே எடுத்துக்கொள்கிறேன் என்று அள்ளிப் போய் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டார், நாங்கள் கூலி கொடுத்துத் திரும்ப அள்ளினோம். இந்த ஆடிக் காற்றில் பக்கத்து வீட்டு ஆச்சி மொட்டை மாடியில் காயவைத்த கூழ் வற்றல் மேலெல்லாம் கருப்பாக ஒட்டிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை, வற்றலைத் துணியோடு கொண்டுவந்து என் முன்னால் விரித்துக் காட்டினார். அன்றிலிருந்து மனசே சரியில்லை. காசு கூட வேண்டாம், உண்மையாகவே பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிப் பட்டறை
நாங்கள் டைல்ஸ் போடுகிறோம். கண்ணாடி மேல் அச்சு வைத்து ஊற்றும் நிறச் சிமெண்டில் உங்கள் சாம்பலைச் சேர்க்க முடியாது, கரி கலந்தால் வெள்ளையும் மஞ்சளும் அழுக்காகத் தெரியும். பின்பக்கக் கலவையில் மட்டும் சிமெண்டில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, சலித்த சாம்பல் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை தண்ணீரை வழக்கமான அளவில் ஊற்றியதில் கலவை வறண்டு, கல்லை எடுக்கும்போது ஓரமெல்லாம் உதிர்ந்தது. அந்தச் சாம்பல் பஞ்சு மாதிரி தண்ணீரை இழுக்கிறது. அப்புறம் நன்றாக அரைத்துப் போட்டேன், தொட்டியிலும் கூடுதல் நாள் ஊறவிட்டேன், கல் தட்டினால் கணீர் என்றது. ஒரு மூட்டை அனுப்புங்கள், ஆனால் நனையாத சாம்பலாக வேண்டும்.

சிவில் படித்தவன், தேவகோட்டை
அண்ணே, அவர் சொல்வது சரி. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதுதான் சிமெண்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகுகிறது. ஏறக்குறைய 700 டிகிரிக்குள் எரிந்தால்தான் அந்தக் குணம் நன்றாக இருக்கும். அதிக சூட்டில் வெந்துவிட்டால் சிலிக்கா படிகமாக மாறி, கலவையில் வெறும் மணல் மாதிரி கிடக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். அள்ளுகிற ஆட்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், துண்டு கட்டினால் போதாது. உருக்கு ஆலைகளிலும் காய்ச்சிய இரும்பின் மேல் சூடு போகாமல் இருக்க இதைத் தூவுகிறார்கள், ஆனால் சின்ன ஆலையின் 400 கிலோவுக்கு அவ்வளவு தூரம் வண்டி வாடகை கட்டாது.

சூளைக்காரன்
எங்களுக்குக் கருப்புச் சாம்பல்தான் வேண்டும். அதில் மிச்சமிருக்கும் கரி செங்கலுக்குள்ளேயே எரிவதால் விறகு குறையும், கல்லும் எடை குறையும். ஆசைப்பட்டு அதிகமாகக் கலந்தால் கல் நொறுங்கும், நான் பட்டிருக்கிறேன். மண்ணோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ப்பேன். உங்களிடம் வண்டி நிறைய எடுத்தாலும் எடை வராது, அதனால் டன் கணக்குப் பேசாமல் நடைக் கணக்குப் பேசுவோம்.

கல்லல் விவசாயி
நான் நாற்றங்காலுக்கு வாங்கியிருக்கிறேன், மண் பொலபொலவென்று இருக்கும். ஆனால் உரம் என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள், அதில் தழைச்சத்து இல்லை. காரத்தன்மை மிகுந்த களர் மண்ணாக இருந்தால் போடவே கூடாது, சாம்பல் அதை இன்னும் கெடுக்கும். இன்னொன்று, எரிக்க வேண்டியதற்கு மேல் உமி மிஞ்சினால் அப்படியே கோழிப்பண்ணைக்குக் கொடுங்கள். அவர்கள் தரையில் பரப்புவார்கள், கோழி எச்சத்தோடு திரும்பி வருவதை மக்கவைத்தால் அதுதான் உரம்.

புதுவயல் ஆலை
எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாள் கருப்பு, சாம்பல் நிறம் எல்லாவற்றையும் ஒரே மேட்டில் தண்ணீர் தெளித்துக் கொட்டியிருக்கிறேன், அதனால்தான் யாருக்கும் உதவவில்லை போல. நாளைக்கே ஒரு தகரக் கொட்டகை போட்டு, கரியில்லாமல் எரிந்த சாம்பல் நிறத்தைக் காய்ந்தபடி பட்டறைக்கும் கருப்பைத் தனியாகச் சூளைக்கும் பிரித்து வைக்கிறேன். சூளைக்கார அண்ணே, ஏற்கெனவே நனைந்து கிடக்கிற பழைய மேடு உங்களுக்கு ஆகுமா? ஆகும் என்றால் முதல் நடை வாடகை என்னுடையது.

சூளைக்காரன்
ஆகும். எப்படியும் மண்ணோடு தண்ணீர் விட்டுத்தான் மிதிக்கிறோம். வெள்ளிக்கிழமை டிராக்டர் அனுப்புகிறேன், தார்ப்பாய் போட்டு மூடித்தான் எடுப்பேன்.