இங்கிலாந்து: மகளின் லஞ்ச் பாக்ஸில் பள்ளியிலிருந்து சீட்டு வந்திருக்கிறது, நாளைக்கு என்ன கட்டுவது?

புதுவரவு_அம்மா:
வணக்கம். கொஞ்சம் அவசரம், யாராவது விழித்திருந்தால் பதில் சொல்லுங்கள். இன்று மகளின் டிபன் பாக்ஸுக்குள் ஒரு சீட்டு மடித்து வந்திருக்கிறது. ஆரோக்கியமான மதிய உணவு அனுப்புங்கள், பள்ளியின் விதிமுறையைப் பாருங்கள் என்று இரண்டே வரி. நான் கட்டிக் கொடுத்தது எலுமிச்சை சாதம், கொஞ்சம் நேந்திரம் சிப்ஸ், ஒரு சின்ன மாம்பழ ஜூஸ் டப்பா. வீட்டில் செய்த சாப்பாடு எப்படி ஆரோக்கியம் இல்லாமல் போகும்? சாதத்தையும் முக்கால்வாசி அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால் அழுகிறாள். அவருக்கு நைட் ஷிஃப்ட், போனில்கூடப் பேச முடியவில்லை. நாங்கள் சைவம். நாளைக்குக் காலையில் என்ன கொடுப்பது?

லெஸ்டர்_வாசி:
சகோதரி, பயப்படாதீர்கள். நாங்கள் வந்து இறங்கியது ஜனவரியில். பாய்லரை எப்படிப் போடுவது என்றே தெரியாது. மீட்டருக்குக் கடையில் போய் முன்பணம் ஏற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லவே இல்லை. ராத்திரி ஹீட்டர் நின்று போய், குழந்தையை நடுவில் போட்டு இரண்டு பேரும் கோட்டோடு படுத்தோம். அதையெல்லாம் தாண்டி வந்தாயிற்று, இதையும் தாண்டுவீர்கள். அப்புறம், குழந்தைக்கு வைட்டமின் டி கொடுக்கிறீர்களா? இங்கே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். நம் நிறத்துக்கு வருஷம் முழுக்கவே தேவைப்படலாம். சாப்பாட்டைவிட இதை முதலில் பாருங்கள்.

குரோய்டன்_அப்பா:
நம் சாப்பாட்டை அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். கோதுமை ரொட்டியில் சீஸும் வெள்ளரிக்காயும் வைத்து ஒரு சாண்ட்விச், ஒரு ஆப்பிள், தண்ணீர். என் பையன் முதல் டேர்மில் யார் பக்கத்திலும் உட்காராமல் தனியாகவே சாப்பிட்டான். சாண்ட்விச்சுக்கு மாறிய பிறகுதான் கூட்டாளி கிடைத்தான். பிள்ளை மற்ற பிள்ளைகளோடு சேருவதுதான் முக்கியம்.

ஹாரோ_அன்ரி:
தங்கச்சி, அந்தத் தம்பி சொல்லுறதைக் கேளாதேங்கோ. பாணைப் பழக்கினால் பிறகு பிள்ளை சோறே தொடாது. நான் என்ரை இரண்டு பிள்ளைகளுக்கும் புட்டும் முட்டைப் பொரியலும்தான் கட்டிக் குடுத்து வளர்த்தனான். சின்ன ஃபிளாஸ்க் ஒன்று வாங்குங்கோ. கொதிதண்ணியை முதல் பத்து நிமிஷம் விட்டு வைச்சு, அதை ஊத்திப்போட்டு, ஆவி பறக்கிற சோத்தைப் போட்டு மூடுங்கோ. மத்தியானம் வரைக்கும் சூடு நிக்கும்.

ரெடிங்_புதியவன்:
எங்கள் பள்ளியில் ஃபிளாஸ்க்கே கூடாது. சூடாக ஏதாவது கொட்டிவிடும் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்ரி, அவர்கள் சைவம் என்று எழுதியிருக்கிறார்கள்.

குரோய்டன்_அப்பா:
ஆரோக்கியம் என்று இவர்கள் சொல்வதே எனக்குப் புரியவில்லை. பக்கத்துப் பிள்ளை வெறும் வெண்ணெய் ரொட்டி கொண்டுவந்தால் ஒன்றும் சொல்வதில்லை. நம் வீட்டு முறுக்கைப் பார்த்தால் மட்டும் சீட்டு வருகிறது.

லெஸ்டர்_வாசி:
அதேதான். சாப்பிடவும் நேரம் கொடுப்பதில்லை. கை கழுவி, வரிசையில் நின்று, இடம் பிடித்து உட்காருவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. விசாவுக்கும், அதோடு சேர்த்துக் கட்டும் மருத்துவக் கட்டணமான ஹெல்த் சர்சார்ஜுக்கும் கொட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியில் பிள்ளை பட்டினியாக வீட்டுக்கு வருகிறது.

புதுவரவு_அம்மா:
இதையெல்லாம் படித்தால் இன்னும் பயமாக இருக்கிறது. மாவு அரைத்தது இருக்கிறது, சப்பாத்தி மாவும் இருக்கிறது. என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்களேன்.

மதிய_மேற்பார்வை:
அம்மா, நான் ஒரு தொடக்கப் பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். முதலில் சில விவரம் வேண்டும். மகள் எந்த வகுப்பு, அரசுப் பள்ளியா? எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை போட்டீர்களா? பாக்ஸில் ஸ்பூன் வைத்தீர்களா?

புதுவரவு_அம்மா:
இயர் 1. அரசுப் பள்ளிதான், ஸ்விண்டன் பக்கம். தாளிப்பில் வேர்க்கடலை போட்டேன். ஸ்பூன் வைக்கவில்லை, அவள் எப்போதும் கையால்தான் சாப்பிடுவாள்.

மதிய_மேற்பார்வை:
சரி, இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது.

பெரும்பாலான பள்ளிகளில் வேர்க்கடலை, முந்திரி, பாதாம் எதுவும் உள்ளே வரக்கூடாது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு அலர்ஜி இருந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். கடலை மிட்டாய், முந்திரி போட்ட பொங்கல், நியூட்டெல்லா எல்லாம் இதில் அடங்கும். இட்லிப் பொடியில் எள்ளும் கடலையும் இருக்கிறதா என்று பாருங்கள். எள்ளும் கடுகும்கூட இங்கே அலர்ஜிப் பட்டியலில் உள்ள 14 பொருள்களில் வருபவை. எள்ளுக்குச் சில பள்ளிகள் தடை போடும், கடுகுத் தாளிப்புக்குத் தடை போட்டு நான் பார்த்ததில்லை. சிப்ஸ், சாக்லேட், இனிப்புப் பானம் இவற்றைப் பல பள்ளிகள் வேண்டாம் என்கின்றன. 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 19 கிராம் சர்க்கரைதான் உச்ச வரம்பு. பாலிலும் முழுப் பழத்திலும் இயற்கையாக இருப்பது இந்தக் கணக்கில் வராது, ஜூஸில் இருப்பது வரும். ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவிலேயே அதில் பெரும் பங்கு போய்விடும். சீட்டு வந்தது இவற்றுக்காகத்தான் இருக்கும். உங்கள் சமையலை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் சாதமும் சிப்ஸும் மட்டும் என்றால் அதில் பருப்பும் இல்லை, காயும் இல்லை, அதையும் யோசியுங்கள்.

மகள் சாப்பிடாததற்கு ஸ்பூன்கூடக் காரணமாக இருக்கலாம். புதிதாக வரும் நம் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். சுற்றிலும் யாரும் கையால் பிசைந்து சாப்பிடாததால் மூடியை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். இறுக்கமான ஸ்டீல் கிளிப் மூடியைத் திறக்க முடியாமல், யாரிடமும் கேட்கவும் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. ராத்திரியே அவளைத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாளைக்குச் சப்பாத்தி போதும். வேகவைத்த கொண்டைக்கடலையோ பனீரோ மசித்து, காரம் குறைத்து, சுருட்டி, கையில் பிடிக்கிற அளவுக்கு வெட்டுங்கள். வெள்ளரிக்காய்த் துண்டு, உரித்த ஆரஞ்சுச் சுளை, இனிப்புப் போடாத தயிர் ஒரு சின்ன டப்பா, ஸ்பூன், தண்ணீர். தயிர் பக்கத்தில் ஐஸ் பேக் வையுங்கள், பள்ளியில் ஃபிரிட்ஜ் கிடைக்காது. திராட்சை வைத்தால் நீளவாக்கில் வெட்டி வையுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சாதம் மட்டும் வெதுவெதுப்பாகக் கட்டாதீர்கள், நான்கைந்து மணி நேரம் அப்படி இருந்தால் வயிற்றுக்கு ஆகாது. ஒன்று ஃபிளாஸ்க்கில் ஆவி பறக்க, இல்லையென்றால் சீக்கிரமாக ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து ஐஸ் பேக்கோடு. ஃபிளாஸ்க் அனுமதி உண்டா என்று பள்ளியில் கேளுங்கள். கட்டுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு பள்ளியும் தானே விதி வைக்கிறது, அதனால்தான் இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய வகுப்பு), இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லாருக்கும் மதியம் சூடான சாப்பாடு இலவசம். வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. விசாவில் பொது நிதி (அரசு உதவித்தொகை) பெறக்கூடாது என்று இருந்தாலும் இதற்குத் தடை இல்லை. உங்கள் மகள் இயர் 1, அவளுக்கு உண்டு. பள்ளிச் சமையலறைக்கு அரசு விதிமுறை இருக்கிறது: தினமும் ஒரு காய், ஒரு பழம், பொரித்தது வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் கூடாது. சைவம் என்று பதிந்தால் தனியாக வைப்பார்கள். முட்டை வேண்டாம் என்றால் அதைத் தனியே எழுதுங்கள், இங்கே சைவத்தில் முட்டையும் சேரும். ஜெலட்டினும் (விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) வேண்டாம் என்று சொல்லுங்கள்.

குரோய்டன்_அப்பா:
லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளியில் இயர் 6 வரைக்குமே இலவசம். ஸ்விண்டனில் இயர் 3 ஆனதும் பணம் கட்ட வேண்டியிருக்கலாம், இல்லையென்றால் மறுபடி கட்டிக் கொடுக்க வேண்டும்.

புதுவரவு_அம்மா:
இதை யாருமே சொல்லவில்லை. சைவத்துக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்துத்தான் கட்டிக் கொடுத்தேன். நாளைக்கே கேட்கலாமா?

மதிய_மேற்பார்வை:
காலையில் விடப் போகும்போது ஆபீஸில் மெனுவும் பதிவுப் படிவமும் கேளுங்கள், லஞ்ச் பாக்ஸ் விதிமுறையும் ஒரு காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் மெனு மூன்று வாரச் சுழற்சி. அதை மகளோடு உட்கார்ந்து பார்த்து, அவளுக்குப் பிடிக்கிற நாள்களில் பள்ளிச் சாப்பாடு, மற்ற நாளில் வீட்டுச் சாப்பாடு என்று வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். சில பள்ளிகள் வாரம் வாரம் மாற்றவிடும், சில டேர்முக்கு ஒருமுறைதான்.

ஹாரோ_அன்ரி:
ஸ்பூனை மறந்திடாதேங்கோ பிள்ளை.