பழைய யேனா 8×30: பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறது, திருப்பி அனுப்பவா?

கேள்வி

நண்பர்களே, கொஞ்சம் அவசரம். பல மாதம் தேடிக் கடைசியில் ஒரு கார்ல் ஸைஸ் யேனா யெனோப்டெம் 8×30 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 30 மி.மீ.) வாங்கினேன். தனி ஆள் ஒருவர் விற்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, லென்ஸ் பளிச்சென்று இருக்கிறது, 'மல்டி கோட்டட்' (லென்ஸில் பல அடுக்குப் பூச்சு) என்ற எழுத்தும் இருக்கிறது, அதாவது பின்னாளில் வந்த தயாரிப்பு. 1000 மீட்டரில் 150 மீட்டர் அகலம் தெரியும் என்று படித்திருந்தேன், கண்ணில் வைத்ததும் அந்த விரிவு உண்மையிலேயே அசத்திவிட்டது.

ஆனால் பத்து நிமிடம் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் வலி. கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்க்கத் தூக்கினால் முதல் நொடியில் கம்பி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டாகத் தெரிகிறது, பிறகு ஒன்று சேர்ந்துவிடுகிறது. விற்றவரிடம் கேட்டேன், தான் மணிக்கணக்கில் பார்த்ததாகவும் எந்தத் தொந்தரவும் இல்லை என்றும் சொல்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறது. டார்ச் அடித்துப் பார்த்ததில் வலது குழலுக்குள் மெல்லிய மூட்டம் வேறு. திருப்பித் தர ஏழு நாள் தந்தார், மூன்று நாள் போய்விட்டது. என் கண்ணில்தான் கோளாறா? இதற்குப் பதில் கூரைப் பிரிசம் (குழல் நேராக இருக்கும் வடிவம்) வைத்த ஸைஸ் டயலிட் தேடியிருக்க வேண்டுமோ?

பதில் 1

முதலில் கண்ணைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். கம்பி மேலும் கீழுமாகப் பிரிந்து தெரிந்து பிறகு சேர்கிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி போதும், கோலிமேஷன் போயிருக்கிறது என்று சந்தேகப்பட. இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் சின்னப் பிசகு இருந்தால் கண் ஓரளவு சமாளிக்கும், கிட்டத்தில் பார்க்க இரண்டு கண்ணையும் உள்பக்கம் திருப்பிப் பழகியிருக்கிறோம். ஒரு கண்ணை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் திருப்பும் பழக்கம் நமக்கு இல்லை. மூளை வற்புறுத்திச் சேர்த்துவைக்கிறது, அந்த உழைப்புதான் வலியாக வருகிறது.

ஆனாலும் தீர்மானிக்கும் முன் ஃபோகஸைச் சரியாக வையுங்கள். வலது பக்கம் மூடி, இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடதை மூடி, அதே பொருளை வலது கண்ணால் பார்த்து வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். இது தப்பாக இருந்தாலும் தலைவலி வரும், ஆனால் கம்பி இரண்டாகாது.

அப்புறம் இரண்டு சோதனை. பகலில், தூரத்துக் கூரை விளிம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு சின்ன வட்டங்கள் தெரியும், இரண்டிலும் அந்த விளிம்பு ஒரே உயரத்தில் ஓடுகிறதா பாருங்கள். இரவில், ஒரு நட்சத்திரத்தை இடது குழலில் கூர்மையான புள்ளியாக வைத்து, வலது வளையத்தை முழுதாகத் திருப்பி அந்தப் பக்கம் மங்கலான தட்டாக்குங்கள். இரண்டும் வேறு வேறு உருவமாகிவிடுவதால் மூளையால் சேர்த்துவைக்க முடியாது. புள்ளி தட்டின் நடுவே இருக்கிறதா, மேலே கீழே போகிறதா?

இன்னொன்று, இதை மறக்க வேண்டாம். நடுக்கீலைக் குறுக்கி ஒரு முறை, விரித்து ஒரு முறை என்று இரண்டு நிலையிலும் செய்யுங்கள். கீல் மேல் கண் இடைவெளியை மில்லிமீட்டரில் காட்டும் எண்கள் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

மூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முன்பக்கப் பெரிய லென்ஸ் வழியாக டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சீரான பனிபோல் இருந்தால் பெரும்பாலும் பழைய கிரீஸின் ஆவி பிரிசத்தில் படிந்தது, துடைத்தால் போகும். சிலந்தி வலைபோல் கிளை கிளையாக இருந்தால் பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் கோட்டிங்கையும் கண்ணாடியையும் அரித்துவிட்டால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். லென்ஸ் ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன, அதை நான் வாங்கவே மாட்டேன்.

கேட்டவர்

செய்து பார்த்துவிட்டேன். மூட்டம் சீராகத்தான் இருக்கிறது, கிளை எதுவும் இல்லை. ஆனால் நட்சத்திரச் சோதனை எனக்குப் பெரிய ஆச்சரியம். என் கண் இடைவெளிக்கு கீலை 58-இல் வைத்தால் புள்ளி தட்டுக்கு வெளியே, கீழே போய்விடுகிறது. 68 வரை விரித்தால் (எனக்கு ஒவ்வொரு கண்ணாகத்தான் பார்க்க முடிந்தது, அதனால் அகன்ற முகம் கொண்ட என் அண்ணனைப் பார்க்கச் சொன்னேன்) புள்ளி சரியாக நடுவில் உட்கார்கிறது! அவருக்கு வலியே இல்லை.

பதில் 1

அப்படியானால் விற்றவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் முகம் அகலமாக இருக்கும், அவ்வளவுதான்.

நடந்தது இப்படி இருக்கலாம். முழுமையாகச் சரிசெய்த பைனாகுலரில் இரண்டு குழலின் பார்வைக்கோடும் நடுக்கீலின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கீலை எவ்வளவு மடித்தாலும் படங்கள் ஒட்டியே இருக்கும். யாரோ ஒருவர் கீலைக் கணக்கில் எடுக்காமல், தன் கண் இடைவெளியில் வைத்துக்கொண்டு படம் சேரும்வரை திருகியிருக்கிறார். அந்த ஓர் இடைவெளியில் சேர்ந்துவிட்டது. கீலை மடித்ததும் குழல்கள் அச்சைச் சுற்றித் திரும்புகின்றன, மறைந்திருந்த பிசகும் அவற்றோடு திரும்பி வெளியே வருகிறது.

பதில் 3

அந்த யாரோ ஒருவர் செய்ததை நானும் இன்னொரு யேனாவில் செய்தேன், அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், கை வைக்காதீர்கள். முன் லென்ஸைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மையம் விலகிய வளையங்கள் இருக்கும், அவற்றைத் திருப்பினால் படம் நகரும். முதல் அரை மணி நேரம் வெற்றி பெற்றதுபோலவே இருக்கும். பிறகு கீலை அசைத்தால் எல்லாம் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. தொழிலாக இதைச் செய்பவர்கள் கோலிமேட்டர் (இரண்டு குழலும் ஒரே திசையில் இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து, கீலை மடித்து மடித்து அளந்துதான் சரிசெய்கிறார்கள். என்னுடையதைக் கடைசியில் அப்படி ஒருவரிடம் கொடுத்துத்தான் மீட்டேன். அதோடு, திருகாணியில் கீறல் விழுந்தால் விற்றவர் திரும்ப வாங்கவும் மறுக்கலாம்.

டயலிட் கேட்டீர்கள். கூரைப் பிரிசம் என்றால் உடம்பில் 'டி ஸ்டார்' (ஸைஸின் பல அடுக்குப் பூச்சின் குறி) எழுத்துக்குப் பக்கத்தில் 'பி ஸ்டார்' இருக்கிறதா பாருங்கள். 1988-இல் ஸைஸ் கொண்டுவந்த ஃபேஸ் கோட்டிங்கின் (கூரைப் பிரிசத்தில் ஒளி அலைகள் பிசகிப் படம் மங்காமல் தடுக்கும் பூச்சு) அடையாளம் அது, அதற்கு முந்தியவற்றில் கூர்மை ஒரு படி குறைவு. உங்கள் யேனா போரோ பிரிசம் (கண்வில்லையும் முன் லென்ஸும் ஒரே நேர்கோட்டில் இல்லாத வடிவம்), அதற்கு அந்தக் கோட்டிங்கே தேவையில்லை. சரியாக இருக்கும் 8×30 போரோவை ஆசையோடு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை.

கேட்டவர்

நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. விற்றவருக்கு 58, 68 இரண்டு நிலையிலும் கண்டதை அப்படியே எழுதி அனுப்பினேன். அவர் முகம் சுளிக்கவில்லை, தனக்கு 70 என்றும் திருப்பி அனுப்பும்படியும் பதில் போட்டார். நாளை நன்றாகச் சுற்றி அனுப்புகிறேன். இன்னொரு யெனோப்டெம் கண்ணில் பட்டிருக்கிறது, அதை விற்பவரிடம் முதல் கேள்வியாக அவருடைய கண் இடைவெளி எவ்வளவு என்று கேட்டு, கீலை 58-க்கு மடித்துத் தூரத்துக் கம்பியைக் கண்வில்லைகளுக்குப் பின்னாலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.